இடமாற்றத்தை மறுப்பதற்கான காரணம்

கடிதத்தைப் படித்து முடித்ததும் நிரூபாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. அது கிடைக்காமலே போயிருக்கக் கூடாதா?

கேட்டு எழுதியவள் அவள்தான், யாரை நோவது! ஒன்றரை வருடத்துக்கு முன், விவாகரத்துப் பத்திரமும் ஊர்வாயும் சேர்ந்து துரத்த, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து மலையகத்துப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராக வந்து இறங்கினாள். முதல் நாளே அடைமழை, இரண்டு காலிலும் அட்டை. அன்று மாலையே அழுதழுது மாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதி, பள்ளிக்கூட வான் ஓட்டும் கிஷாந்திடம் கொடுத்து, ஹற்றன் கல்வி அலுவலகத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டாள். வெளியூர் டீச்சர்மார் எல்லாரும் செய்கிற காரியம்தான். அவனும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

பிறகு என்ன ஆயிற்றென்றால், ஊர் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. கணக்கென்றால் காய்ச்சல் வருகிற பிள்ளைகள் இப்போது கரும்பலகைக்கு முண்டியடித்தார்கள். அட்டையைக் கண்டால் அவளே உப்புப் பொட்டலத்தைத் தேடினாள். எல்லாவற்றையும்விட மோசம், வான்காரனையும் பிடித்துப்போய்விட்டது. சனிக்கிழமை ஹற்றன் சந்தைக்குப் போகையில் முன்சீட்டைத் துடைத்து வைத்திருப்பான். வழியில் நோர்வூட்டில் பிளேன்டீக்கு நிறுத்தினால் அவளுடையதற்கு மட்டும் சீனி குறைக்கச் சொல்வான். அவ்வளவுதான், வாய்திறந்து ஒரு வார்த்தை கிடையாது. அவளும் சொன்னதில்லை. முப்பத்துநாலு வயதில், ஒருமுறை சூடுபட்டவள், என்னவென்று ஆரம்பிப்பது?

விண்ணப்பத்தை அவள் அடியோடு மறந்துபோனாள். அவன் மறக்கவில்லை. ஹற்றன் போகும்போதெல்லாம் அலுவலகத்தில் ஏறி, "நிரூபா மிஸ்ஸோட மாத்தம் என்னாச்சுங்க?" என்று கேட்டுக் கேட்டே அதை நகர்த்தியிருக்கிறான். இந்த நல்ல மனிதர்களோடு பெரிய தொல்லை!

கடிதம் தோட்டத்து ஆபிசில் பத்து நாள் தூங்கிவிட்டு இன்று மத்தியானம்தான் அவள் கைக்கு வந்தது. மாற்றத்தை ஏற்காதவர்கள் பன்னிரண்டாம் திகதி மூன்று மணிக்குள் நேரில் வந்து காரணத்தோடு எழுதித் தரவேண்டும், தவறினால் மாற்றம் உறுதி. இன்று பன்னிரண்டு. மணி ஒன்று நாற்பது.

"கிஷாந்த்! வானை எடுங்கோ, ஹற்றனுக்கு! கெதியா!"

அவன் கடிதத்தின் முதல் வரியை மட்டும் பார்த்தான். முகம் ஒரு கணம் செத்து, பிறகு பளிச்சென்று சிரித்தது. "கெடைச்சிருச்சுங்களா மிஸ்! சைன் வைக்கணுமா? ஏறுங்க, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேத்துர்றேன்."

இல்லையென்று சொல்ல வாயெடுத்தவள் அந்தச் சிரிப்பைக் கண்டு அடங்கிப்போனாள். இந்த மனிசனுக்கு இவ்வளவு சந்தோஷமா? நான் எப்போது தொலைவேன் என்றா இருந்தார்? ஆத்திரமும் அழுகையுமாக ஏறி உட்கார்ந்தாள்.

வான் பறந்தது. வளைவுக்கு வளைவு ஹார்ன். எதிரே வந்த பஸ்ஸுக்காகப் பின்னாலே போய், பள்ளத்தின் விளிம்பில் சக்கரத்தை நிறுத்தி, மறுபடி பாய்ந்தான். நோர்வூட்டைத் தாண்டும்போது இரண்டு இருபது. டிக்கோயாவுக்கு இந்தப் பக்கம் கொழுந்து லொறி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. கிஷாந்த் குதித்திறங்கி, சிங்களத்தில் கெஞ்சி, அதட்டி, தானும் தோள்கொடுத்து லொறியைத் தள்ளி ஓரங்கட்டிவிட்டு, சேறும் வேர்வையுமாகத் திரும்பி வந்தான். கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

"இத விட்டா இன்னும் ஒரு வருஷம் ஆகிருங்க மிஸ். மொத நாளு நீங்க அழுததப் பாத்தவன் நான். நீங்க நல்லபடியா ஊருக்குப் போகணும்." கடைசிச் சொல்லில் அவன் குரல் உடைந்துவிட்டது.

நிரூபாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. சந்தோஷத்தில் ஓட்டவில்லை இவன். தன் ஆசையைத் தானே கொண்டுபோய்த் தொலைக்க இந்த ஓட்டம் ஓட்டுகிறான்! இப்போதே சொல்லிவிடலாம்தான். சொன்னால் வானைப் பள்ளத்தில் விட்டுவிடுவானே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

அலுவலகப் படியேறும்போது இரண்டு நாற்பத்தெட்டு. இடமாற்றங்களைப் பார்க்கும் மேசையில் இருந்த கமலேஸ்வரி அம்மாவும் யாழ்ப்பாணத்தவர்தான். மாற்றம் வேண்டாமென்று நிரூபா சொன்னதும் அவர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"உமக்கென்ன விசரே? ஊருக்குப் போகச் சனம் தவம் கிடக்குது. சரி, காரணத்தை எழுதும்."

"இந்த இடம் பிடிச்சிருக்கு எண்டு எழுதட்டே?"

"அதெல்லாம் காரணமில்லை, பிள்ளை. ஒண்டில் நோய் வருத்தம், இல்லாட்டிக் கலியாணம். கலியாணமெண்டால் மாப்பிள்ளையின்ரை பேரும் விலாசமும் வேணும்."

நிரூபா படிவத்தோடு வெளியே ஓடினாள். கிஷாந்த் கொதித்துப்போன ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"சைன் வச்சிட்டீங்களா மிஸ்?"

"நான் போகேல்லை எண்டு எழுதப் போறன். அதுக்கொரு காரணம் வேணுமாம். உங்களைக் கட்டப்போறன் எண்டு எழுதட்டோ?"

தண்ணீர்ப் போத்தல் கைநழுவி விழுந்தது. "என்... என்னையவாங்க?"

"வேற ஆர் இதில நிக்கினம்? ஆறு நிமிசம்தான் கிடக்கு!"

"எழுதுங்க மிஸ்! எழுதுங்க!" அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"முழுப்பேர்?"

"அழகுமுத்து கிஷாந்த்."

"விலாசம்?"

அந்த இடத்தில் அவன் தயங்கினான். "மஃறூப் ஸ்டோர்ஸ், மெயின் வீதி, பொகவந்தலாவை."

வேலைக்கோ வங்கிக்கோ எதற்கு எழுதினாலும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொடுப்பது தெரிந்த கடையின் விலாசம். லயம் என்ற தொழிலாளர் வரிசைக்குடியிருப்பின் பேரைக் கண்டதும் அடுத்தவர் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. நிரூபாவுக்கும் அது தெரியும்.

"அது மஃறூப் நானாவின்ரை கடை. நீங்கள் இருக்கிற வீட்டைச் சொல்லுங்கோ."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "லயங்க மிஸ். ஒங்க ஊர்ல கேட்டா என்னங்க நெனப்பாங்க?"

"எனக்கு வாற கடிதமெல்லாம் இனி மஃறூப் நானாவின்ரை கடைக்கே வாறது? சொல்லுங்கோ, கிஷாந்த்."

அவன் தலையை நிமிர்த்திச் சொன்னான். மேற்பிரிவு, பதினோராம் லயம், நாலாம் காம்பரா. அவள் வானின் மூக்கில் படிவத்தை வைத்து, ஓர் எழுத்து விடாமல் கொட்டையாக எழுதிக்கொண்டு படிகளில் பாய்ந்து ஏறினாள்.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. கமலேஸ்வரி அம்மா விலாசத்தை இரண்டு தரம் வாசித்தார், கண்ணாடிக்கு மேலால் நிரூபாவைப் பார்த்தார், பிறகு முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.