மடத்தம்மாளின் வீரம்

கப்பல்காரர் சதுர்னி காலையிலிருந்தே தன் கிழட்டு மாலுமி ஒனோஃப்ரேயிடம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

"கப்பல்ல பூனை இருந்துச்சு. அதைச் சொல்லு, வாயை மூடு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா முதலாளி?"

"சின்னப் பிள்ளையா இருந்தா எனக்குப் பயமே இல்லையே."

மெனோர்கா தீவிலிருந்து பார்சிலோனாவுக்கு அவர்கள் ஏற்றிவந்த பாலாடைக்கட்டியில் பாதியை எலி தின்றுவிட்டது. பூனை இல்லாத கப்பலில் எலி தின்றால் நஷ்டம் கப்பல்காரர் தலையில். பூனை இருந்தும் தின்றால் அது சரக்குக்காரரின் தலையெழுத்து. அந்தக் கரையில் கடல் நியாயம் அப்படித்தான். சரக்குக்காரர் நர்சிஸ் சும்மா விடுவாரா? கப்பலில் பூனையே கிடையாது, கரைக்கு வந்தபிறகு எங்கோ பிடித்த பூனையைக் காட்டுகிறார்கள் என்று வழக்குப் போட்டுவிட்டார்.

மற்ற மாலுமிகள் ஆளுக்கொரு கப்பலில் ஏறிப் போய்விட்டார்கள். ஒனோஃப்ரேயை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. பாய்மரம் ஏறினால் முழங்கால் நடுங்குகிற வயது. பழகின தோஷத்துக்காக அவனைக் கப்பலில் வைத்திருக்கிற ஒரே மனுஷர் சதுர்னிதான். வழக்கு தோற்றால் அவர் கப்பலையே விற்க வேண்டியிருக்கும். ஜெயித்தால் அடுத்த பயணம், அதில் ஒனோஃப்ரேக்கும் இடம் உண்டு. கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையைத் தைத்துச் சாக அவனுக்கு இஷ்டமில்லை.

இத்தனைக்கும் பூனை இருந்தது உண்மை. மடத்தம்மாள் என்று அதற்குப் பெயர் வைத்தவனே ஒனோஃப்ரேதான். சாப்பாட்டு வேளைக்கு மட்டும் எழுந்து வரும். மற்ற நேரமெல்லாம் கண்ணை மூடித் தியானம். ஆக, அவன் பொய்யே சொல்ல வேண்டியதில்லை. உண்மை தன் பக்கம் நிற்பது அவனுக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத நிலைமை.

கடல் நீதிமன்றத்தில் வக்கீல்களுக்கு இடமில்லை. அவரவர் வழக்கை அவரவரே பேசிக்கொள்ள வேண்டும். ஒனோஃப்ரே வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

"பூனை இருந்துச்சா?" என்று கேட்டார் நீதிபதி.

"இருந்துச்சுங்க ஐயா. மெனோர்காவுல ஏறுனதுலேருந்து இருந்துச்சு."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மோதிரம் போட்ட பெரிய மனுஷர்கள் இத்தனை பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அவன் ஆயுளில் முதல் தடவை. நாக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"சாதாரணப் பூனை இல்லீங்க. புயல்ல நாங்கெல்லாம் சாமி பேரைச் சொல்லிக் கயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கறோம், அது பாட்டுக்கு வேட்டையாடுது. செத்த எலியைக் கொண்டாந்து முதலாளி காலடியில அடுக்கி வைக்கும். கப்பல்ல ஒரு எலி வாலு மிஞ்சலைங்க."

சதுர்னி கண்களை மூடிக்கொண்டார். நர்சிஸ் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்தபடி எழுந்தார்.

"ஏம்ப்பா, ஒரு எலிகூட மிஞ்சலையா?"

"சத்தியமா இல்லீங்க."

"ஐயா, கேட்டுக்குங்க. எலின்னுதான் நானும் நெனச்சிருந்தேன். எலியே இல்லைன்னு அவங்க ஆளே சத்தியம் பண்றான். அப்போ என் சரக்கைத் தின்னது ரெண்டு கால் எலிங்க. திருட்டுக்குக் கப்பல்காரர்தானே பொறுப்பு?"

ஒனோஃப்ரேக்கு முகம் வெளிறிப்போனது. தின்றதென்னவோ எலிதான், மடத்தம்மாளின் வயிற்றுக்கடியில் ஒரு எலி குளிர் காய்ந்ததை அவனே பார்த்திருக்கிறான். "அது வந்துங்க... சில எலி..." என்று இழுத்தான். காது கொடுப்பாரில்லை.

"அந்தப் பூனையைக் கொண்டாங்க. அப்படியே ஒரு எலியும்" என்றார் நீதிபதி.

அந்த மண்டபத்தில் எலிக்கா பஞ்சம்? காவலாளி பொறியோடு வந்தார். மடத்தம்மாளை மேசைமேல் இறக்கி, எலியை எதிரில் திறந்துவிட்டார்கள். அது எலியை முகர்ந்தது. கொட்டாவி விட்டது. படுக்கிறதுக்கு வசதியாகக் கொஞ்சம் நகர்ந்து, எலிக்கும் இடம் விட்டுப் படுத்தது.

மண்டபமே சிரித்தது. அழுத்தமான ஆளென்று பேர் வாங்கிய நீதிபதியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எலிக்கு இப்படிச் சலிச்சுப்போன பூனை கரையில கெடைக்காது. இது கப்பல் பூனைதான். இதை வச்சுக்கிட்டா எலி தின்னாம இருக்கும், திருட்டெல்லாம் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். "கப்பல்ல பூனை இருக்கணும்னுதான் சட்டம். அது எலி புடிக்கணும்னு எழுதலை. நஷ்டம் நர்சிஸோடது." பிறகு ஒனோஃப்ரே பக்கம் திரும்பினார். "நீ சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவன். இனிமே எந்தக் கடல் வழக்குலயும் உன் சாட்சி செல்லாது."

போனால் போகிறது, வழக்கு ஜெயித்தாகிவிட்டது என்று ஒனோஃப்ரே பூனையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகவே வெளியே வந்தான். துறைமுகம் வரைக்கும் சதுர்னி முன்னால் நடந்தார். கப்பலில் ஏறும் பலகைக்கருகில் நின்றார்.

"ஒனோஃப்ரே, நீ ஏற வேணாம்."

"முதலாளி?"

"புயல்ல சரக்கைக் கடல்ல தள்ளுனா, தண்ணி புகுந்து நனைஞ்சா, கரையில வந்து கப்பல்ல இருந்த ஆளுங்கதான்டா சாட்சி சொல்லணும். இருக்கற கொஞ்ச ஆள்ல வாக்கு செல்லாத ஒருத்தனை வச்சுக்கிட்டு நான் எப்படி..." அவர் கையை நீட்டினார். "பூனையைக் குடு. அது இல்லாம கெளம்பக் கூடாது."

ஒனோஃப்ரேக்கு அழுகை வந்தது. அடக்கத் தோன்றவில்லை. கைக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பாமல் கொடுத்தான்.

"இது ஒண்ணுத்துக்கும் ஆகாது முதலாளி."

"தெரியும்டா" என்றார் சதுர்னி. "ஆனா அது வாயைத் திறந்து எதையும் சொல்லாதுடா."