ஒரு பக்கம் கீறிய கொடுவா

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒருத்தன் தாய்லாந்துச் சாப்பாட்டுக்கடை போட்டிருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது குருநகரில் வலை போடுகிற சிமியோனுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை. மண்டைதீவிலிருந்து நேவிக்காரன் சுடுகிற சூட்டில் இடுப்பளவு தண்ணீருக்கு அங்கால் ஒருத்தரும் போக ஏலாது. இதற்குள் சனத்துக்குத் தாய்லாந்துச் சாப்பாடு கேட்கிறதாம். ஏதோ ஏய்ப்பு வேலை என்றுதான் நினைத்தார். எதைக் கேட்டாலும் சிமியோன் முதலில் அப்படித்தான் நினைப்பார். அறுபத்தெட்டு வயதுக்குள் அந்த நினைப்புப் பிழைத்த நாட்கள் குறைவு.

அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரச்சொன்னது பெண்சாதி லூர்த்தம்மா.

கடைக்காரன் தியாகலிங்கம் சண்டிலிப்பாய் ஊரான். பயிர் செய்கிற தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. வெளிநாடு போகவென்று வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் நடுவழியில் கைவிட்டுவிட, பாங்கொக்கில் இரண்டு வருஷம் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, கடைசியில் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பப்பட்டவன். அவன் கடைக்குப் போகிற சனம் வாய் ருசிக்காகப் போவதில்லை என்று ஊரெல்லாம் கதை. பாங்கொக் வழியாகப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பிறகு ஒரு சேதியும் கிடைக்காமல் இருக்கிற தாய் தகப்பன்மார்தான் போகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே என்ரை பிள்ளையை அங்கே கண்டனியோ என்று கேட்கிறார்கள். அவனும் எல்லாரையும் கண்டிருக்கிறான்.

சிமியோனின் கடைசி மகன் வின்சன்றும் அந்த வழியால்தான் போனவன். மூன்று வருஷம் ஆகிறது. பாங்கொக்கில் இருந்து ஒரே ஒரு கடிதம், சுகமாக இருக்கிறேன், அடுத்த மாதம் ஏத்திவிடுவார்கள் என்று. அதன்பிறகு ஒன்றும் இல்லை.

நவம்பர் இரண்டாம் திகதி மரித்தோர் பூசை. அதற்கு முன்னம் கோவில் மூப்பர் கொப்பியோடு வீடு வீடாக வந்து, அந்தந்த வீட்டில் செத்தவர்களின் பேரை எழுதிக்கொண்டு போவார். சுவாமியார் அதைப் பூசையில் வாசிப்பார். பிறகு சனம் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும். கல்லறை இல்லாதவர்களுக்கு நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடி. இந்த முறை வின்சன்றின் பேரையும் குடுப்போம் என்று சிமியோன் சொன்னார். அவருக்குக் களைத்துவிட்டது, அவ்வளவுதான். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் எழும்புவதும், அது அடுத்த வீட்டுக்கு என்றால் இருப்பதும். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு ஒரு இடத்தில் இருந்துவிடலாம் என்றிருந்தது.

லூர்த்தம்மா அன்றைக்கு உலையைப் போடாமல் விட்டாள். போன வருஷம் அருட்பிரகாசத்தின் மகனுக்கு நடந்ததை மறந்துவிட்டீர்களோ என்று கேட்டாள். அந்தப் பெடியனின் பேரைப் பூசையில் வாசித்து எட்டாம் நாள் பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தை வைத்துக்கொண்டு தாய், உயிரோடிருந்த பிள்ளைக்குத் திரி கொளுத்தினேனே என்று தலையிலடித்தது தெரு முழுக்கக் கேட்டது. இரண்டு நாள் இழுபறிப்பட்டுப் பிறகு லூர்த்தம்மாதான் ஒரு வழி சொன்னாள்.

"அந்தக் கடைக்காரனிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ. கண்டனான் எண்டால் எழுதக்கூடாது. காணேல்லை எண்டால் நான் என்ரை வாயாலை மூப்பரிட்டைச் சொல்லுறன்."

மூப்பர் வருகிற அன்றைக்குக் காலையில் சிமியோன் வெளிக்கிட்டார். விடியப்புறம் கரையோடு போட்ட வலையில் ஒரு கொடுவா பட்டிருந்தது, முழங்கை நீளம். அதைப் பனையோலை உமலில் போட்டுச் சைக்கிள் காண்டிலில் கொழுவிக்கொண்டார். கடலிலிருந்து நாலு கட்டை தள்ளியிருக்கிற கடையில் என்ன மீன் வைத்திருப்பான் என்று யார் கண்டது? தன் கையால் பிடிக்காத மீனைச் சிமியோன் வெளியில் சாப்பிடுவதில்லை.

பலாலி வீதியில் சந்தையைத் தாண்டி ஒரு ஒழுங்கை. ஒரு வீட்டு முன் விறாந்தையில் நாலு மேசை. சுவரில் ஆற்றில் வள்ளம் ஓடுகிற படம் போட்ட தாய்லாந்துக் கலண்டர், திகதி பழசு. தியாகலிங்கத்துக்கு முப்பது வயதிருக்கும். உமலை வாங்கி மீனின் செவிளைத் தூக்கிப் பார்த்தான். நல்ல மீன் ஐயா, சிரட்டைக்கரியில் சுட்டுத்தரட்டோ என்று கேட்டான். சண்டிலிப்பாயான் மீன் பிடிக்கிற குருநகர்க் கிழவனை ஐயா என்கிறான். சிமியோனுக்கு அதுவும் பிடிக்கவில்லை. மரக்கறி தின்று வளர்ந்தவனுக்கு மீனின் செவிளைப் பார்க்க யார் சொல்லிக் குடுத்தது என்ற நினைப்பு வந்தது. வந்த வேலை வேறு என்று அதை விட்டுவிட்டார்.

மீன் அடுப்பில் கிடக்க, முதலில் ஒரு கோப்பையில் சூப்பு வந்தது. இறால், பச்சைமிளகாய், தேசி இலை, காய்ச்சலுக்கு அவிக்கிற எலுமிச்சம்புல். மீன்கூழ் காய்ச்ச வெளிக்கிட்டு மாக் கரைக்க மறந்துபோன மாதிரி இருந்தது. அடியில் இன்னொரு மணம். சிமியோன் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். கருவாடு போடுகிற பீப்பாவில் ஊறி நிற்கிற உப்புத்தண்ணீர். குருநகரில் அதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். இங்கே அதைக் கோப்பையில் விட்டுக் குடிக்கத் தருகிறான். கெட்டிக்காரன்தான்.

அடுத்த மேசையில் ஒரு மனிசி, உடுவில் ஊரவர். சிவக்கொழுந்து என்று பெயர். கையில் ஒரு படம். சோறு தொடாமல் கிடந்தது. தியாகலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பார்த்தான். கண்டனான் அம்மா, சிவத்தப் பெடியன், நல்லாச் சாப்பிடுவான், கனடாவுக்குப் போகிற கதை கதைத்தவன் என்றான். மனிசியின் தோள் இரண்டும் கீழே இறங்கின. அதற்குப் பிறகுதான் அவர் கரண்டியை எடுத்தார். மிச்சம் விடாமல் சாப்பிட்டு, அவனைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சிமியோன் பார்த்துக்கொண்டேயிருந்தார். வலை வீச முன்னம் தண்ணீரைப் பார்க்கிற நேரம்கூட அவன் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை.

அவன் தன் மேசைக்கு வந்தபோது சிமியோன் படத்தை எடுக்கவில்லை. மகன், வின்சன்ற், குருநகர், மூன்று வருஷம் என்று சுருக்கமாகச் சொன்னார். பிறகு, இடது கையில் சின்னவிரல் பாதிதான், வலைக்கயிறு அறுத்தது, அதை வைத்து அடையாளம் பிடிக்கலாம் என்றார்.

"ஓம் ஐயா. அந்த விரலை நான் மறப்பனே. நல்ல சுகமா இருந்தவர்."

சிமியோன் கரண்டியை வைத்தார்.

"என்ரை மகனுக்குப் பத்து விரலும் முழுசா இருக்குத் தம்பி."

தியாகலிங்கம் வாசலைப் பார்த்தான். வேறு ஒருத்தரும் இல்லை. கதிரையை இழுத்து முன்னால் இருந்தான். முகத்தில் வெட்கம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது. சிமியோன் வைதிருப்பார். அந்த அலுப்பைப் பார்த்து வாய் எழவில்லை. காலையில் கண்ணாடியில் தான் பார்க்கிற அலுப்பு.

"முதல் வந்த தாய்க்கு உண்மையைத்தான் சொன்னனான்," என்றான் அவன். "தெரியாதம்மா எண்டு. தெரியாது எண்டதை அவ செத்திட்டான் எண்டு எடுத்துக்கொண்டு உதிலை, அந்தப் படியிலை விழுந்திட்டா. பேந்து நான் ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லுறேல்லை."

பிறகு அங்கத்தைய கதையைச் சொன்னான். ஒரு அறையில் பதினாலு பேர். யன்னல் திறக்கக்கூடாது. ஒருத்தனுக்கும் சொந்தப் பேர் இல்லை. பாஸ்போட்டில் என்ன பேரோ அதுதான் பேர். சொந்தப் பேரை வாய்தவறிச் சொன்னால் ஏஜென்சிக்காரன் அடிப்பான். எயாப்போட்டில் பிடிபட்டுவிடுவார்கள் என்று, ஊர்ப் பேரைக்கூடக் கேட்க விடமாட்டான்.

"என்னை அங்கை எல்லாரும் அப்துல்லா எண்டுதான் கூப்பிட்டது. உங்கடை மகனோடை நான் ஒரே பாயிலை படுத்தெழும்பியிருப்பன் ஐயா. இல்லாமலும் இருக்கும். ஆர் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?"

அதன்பிறகுதான் சிமியோன் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்தார். அவர்களிடம் இருந்தது ஒரே படம், வின்சன்றுக்குக் கோவிலில் உறுதிபூசுதல் குடுத்த அன்றைக்கு எடுத்தது. வெள்ளைக் காற்சட்டை, எண்ணெய் வைத்து வாரின தலை, பன்னிரண்டு வயது. இந்த முறை தியாகலிங்கம் படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். திருப்பித் தந்தான்.

"தெரியேல்லை ஐயா. இது குழந்தைப்பிள்ளை. அங்கை எல்லாரும் தாடியும் எலும்பும்."

படம் பார்த்து அவன் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று சிமியோனுக்குப் பட்டது. கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. காணவில்லை. இனி வீட்டுக்குப் போய் லூர்த்தம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும். எழும்பிப் போயிருப்பார். மீன் அடுப்பில் கிடந்தது. தான் பிடித்த மீனை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக அவரால் ஏலாது.

மீன் வாழையிலையில் வந்தது. வாலும் தலையும் முழுசாக. மேலே உள்ளியும் பச்சைமிளகாயும் தேசிப்புளியும் குழைத்த ஒரு சாறு. சதையில் சரிவாக நாலு கீறல், கீறலுக்குள் உப்பு. சிமியோன் முள்ளைப் பார்ப்பதற்காக மீனைத் திருப்பினார். அடிப்பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை. தோல் மொறுமொறுவென்று ஒரே பாளமாகக் கிடந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது.

முல்லைத்தீவுக் கரையில் தகப்பன் தங்கித் தொழில் செய்ய வாடி போட்ட காலத்திலிருந்து அவர்கள் வாடியில் மீன் சுடுவது இப்படித்தான். மேல்பக்கம் மட்டும் கீறுவது. கீறாத பக்கம் நெருப்பில். கடைசிவரைக்கும் திருப்பிப் போடுவதில்லை. சாறு ஒரு சொட்டும் கரியில் விழாது. பக்கத்து வாடிக்காரர் இரண்டு பக்கமும் கீறிவிட்டு, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இவர்களைப் பகிடி பண்ணுவார்கள்.

"உப்பிடிக் கீற உனக்கு ஆர் காட்டினது?"

தியாகலிங்கத்துக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை. ஏஜென்சிக்காரன் செலவுக்காசுக்கென்று வேலைக்கு விட, அங்கே கடையில் தன்னோடு நாலு மாதம் நின்ற பெடியன் என்றான். மீன் வெட்டத் தனக்கு அவன்தான் பழக்கினது.

"தாய்லாந்துக்காரர் ரண்டு பக்கமும்தான் கீறுறது. கடைக்காரி கத்துவா. அவன் கேக்கமாட்டான். திருப்பிப் போடவும் விடமாட்டான், அடுப்புக்கு முன்னாலை மறிச்சுக்கொண்டு நிப்பான். பேந்து அவவும் விட்டிட்டா. சனத்துக்கு அதுதான் பிடிச்சுது."

"பேர்?"

"பாஸ்போட்டிலை நமசிவாயம். ஆனால் சோத்திலை கை வைக்க முன்னம் சிலுவை போட்டிடுவான். நமசிவாயம் சிலுவை போடுறானோ எண்டு ஏஜென்சிக்காரனிட்டைக் குட்டு வாங்காத நாளில்லை."

சிமியோன் பிறகு, எங்கே போனவன் என்று கேட்டார். தெரியாது என்றான் தியாகலிங்கம். ஒருநாள் விடிய நாலு பேரை வாசலில் வந்து நின்ற வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவனும் ஒருத்தன். எந்த நாடென்று சொல்லமாட்டார்கள். சொல்லிவிட்டுக் கிழவரின் முகத்தைப் பார்த்தவனுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். வாயைத் திறந்தான். சிமியோன் கையைக் காட்டி மறித்தார்.

"நீ ஒண்டும் சொல்லாதை. இனி நீ சொன்னால் பொய்யாத்தான் வரும்."

இவன் இப்போது பொய் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஒரு பக்கக் கீறலை இவன் கட்டிச் சொல்ல ஏலாது. ஆனால் மனதை லேசில் விட்டுவிடவும் அவர் ஆயத்தமில்லை. அந்த வாடியில் பன்னிரண்டு பேர் தொழில் செய்தார்கள். எல்லாருக்கும் ஆம்பிளைப் பிள்ளைகள். எல்லாரும் சிலுவை போடுகிறவர்கள். பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள். அதில் பிடிவாதக்காரர் எத்தனை பேர் என்றால், முழுப்பேரும்தான். அப்படியென்றால் அவன் யாராகவும் இருக்கலாம். இந்தக் கணக்கை இரண்டு மூன்று தரம் போட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டே கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் மீனை முள் மட்டும் மிச்சமாகச் சாப்பிட்டு முடித்தார். கருவாட்டுத் தண்ணீர் மணம் அதற்குப் பிறகு தெரியவில்லை.

வீட்டுக்கு வரப் பின்னேரமாகிவிட்டது. சைக்கிளைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். லூர்த்தம்மா முன்னால் வந்து நின்றாள்.

"காணேல்லையாம்," என்றார் சிமியோன்.

அவள் அழவில்லை. முந்தானையால் வாயை ஒருதரம் துடைத்தாள். உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டாள், மூப்பருக்கு.

மூப்பர் தம்பிராசா வந்து கொப்பியை விரித்தார். சிமியோன் தகப்பனின் பேரைச் சொன்னார். தாயின் பேர், கடலில் போன தமையனின் பேர். பிள்ளைப்பேற்றில் செத்த தங்கச்சியின் பேரும் சொன்னார். மூப்பர் எழுதிவிட்டுப் பேனையை எடுக்காமல் இருந்தார். தெரு முழுக்க விசயம் தெரியும். லூர்த்தம்மா ஒரு அடி முன்னுக்கு வந்தாள். சொன்ன சொல் மாறாதவள். வாயைத் திறந்தாள்.

"காணும் அண்ணை, உது போதும்," என்றார் சிமியோன். "கொப்பியை மூடுங்கோ."

மூப்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூடினார். அவர் படலையைத் தாண்டினார். பிறகு லூர்த்தம்மா கிட்ட வந்து, காணேல்லை எண்டுதானே சொன்னனீங்கள் என்று கேட்டாள். காணேல்லைதான் என்றார். பிறகு ஏன் என்றாள்.

சிமியோன் கதிரையில் இருந்தார். காலையிலிருந்து சைக்கிள் உழக்கின கால் இரண்டும் கடுத்தன. சொல்லத் தொடங்கினால் தானே கூட்டிச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. அவருக்குத் தன் வாயிலும் நம்பிக்கை இல்லை.

"எனக்கு இப்ப கண் வடிவாத் தெரியிறேல்லை," என்றார். "நாளைக்கு ஒரு மீன் தாறன். நீயும் ஒருக்காப் போய் அங்கை சாப்பிட்டுப் பார். சாப்பிட முன்னம் மீனைத் திருப்பிப் பார்."