சூசைராஜின் குரல் பஸ் ஏறிப் போனது

பக்கவாதம் வந்தவர்களை அந்தப் பயிற்சி மருத்துவமனையில் மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். சூசைராஜின் வலது காலைப் பிசியோதெரபி மாணவன் தோளில் போட்டுக்கொண்டு போனான். வலது கையை நர்சிங் மாணவி துண்டில் சுற்றி எடுத்துப் போனாள். குரலைப் பேச்சுப் பயிற்சி படிக்கும் செண்பகம் தூக்குவாளியில் வாங்கி மூடிக்கொண்டாள். மிச்சத்தை மனைவி எமல்டா ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

மாணவர்களைக் குழுவாக வேலை செய்யப் பழக்கத்தான் இந்த ஏற்பாடு. அவரவர் பங்கை அவரவர் வீட்டில் வைத்துத் தேற்ற வேண்டும்; பிறகு எல்லாரும் கூடி ஆளைச் சேர்க்க வேண்டும். எமல்டாவுக்கு ஆட்சேபணை இல்லை. காலும் கையும் எப்போது வந்தால் என்ன, குரல் மட்டும் சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் பேசியது அவள்தான். ஆனாலும் எதிரில் ஒரு குரல் இல்லாமல் பேசுவது சுவரோடு மல்லுக்கட்டுவது மாதிரி இருந்தது.

சேர்ப்பு நாளில் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தின. கால் மாடிப்படி ஏறியது. கை சட்டைப் பொத்தானைப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் குரல் மெதுவாகத் தொடங்கியது.

“எம... எமல்... கொஞ்சம்...”

“காபியா? வெந்நீரா? ஃபேனைக் குறைக்கணுமா? சட்டுனு சொல்லித் தொலைங்களேன்.”

குரல் நின்றது. மறுநாளும் இதே கதைதான். அவர் ஒரு சொல்லை எடுத்து வைப்பதற்குள் அவள் மூன்றை வைத்துவிடுவாள். அந்த வாரக் கடைசியில் குரலைக் காணோம். பஸ் ஏறிச் செண்பகம் வீட்டுக்கே போய்விட்டிருந்தது.

அழைத்துவர எமல்டா போனாள். கதவு திறந்தே கிடந்தது. செண்பகத்தின் அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். செண்பகம் தரையில் சம்மணமிட்டிருந்தாள். குரல் ஊஞ்சலில் உட்கார்ந்து, தன் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் ஒரு பொருளைத் தொலைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நாலு காய் ஆய்ந்துவிடலாம். அங்கே யாருக்கும் அவசரமில்லை. எமல்டா இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. இத்தனைக்கும் அது அவளுடைய கல்யாணமும்தான்.

“புதுசா வாங்கின... அந்தக் கறுப்பு...” குரல் திணறியது.

“ஷூ” என்றாள் எமல்டா, வாசலில் நின்றபடியே.

ஊஞ்சல் நின்றது.

“குடைன்னு சொல்ல வந்தார், ஆன்ட்டி” என்றாள் செண்பகம். “காலையிலேருந்து அந்த ஒரு வார்த்தையைத்தான் பழகிட்டிருந்தோம்.”

மருத்துவமனையில் குழு கூடியது. குழுவில் ஒருவருக்குப் பயிற்சியே கொடுக்காமல் விட்டுவிட்டோம் என்று பேராசிரியை மாணவர்களைக் கடிந்துகொண்டார். பிறகு எமல்டாவிடம் திரும்பினார். “தப்பு எங்களோடதும்மா. வாயைத் திறங்க.”

எமல்டாவின் குரலைச் செண்பகம் தூக்குவாளியில் வாங்கி அடைத்தாள். மூடியை இரண்டு தரம் அழுத்த வேண்டியிருந்தது.

அன்று மாலையே சூசைராஜின் குரல் வீடு திரும்பி, கதையை முதலிலிருந்து ஆரம்பித்தது. கல்யாணத்தன்று மழை வரும்போல இருந்திருக்கிறது. அவளுடைய சேலை நனையக் கூடாதே என்று அவர் புதுக் கறுப்புக் குடை வாங்கியிருக்கிறார். பூசை முடிந்து வெளியே வந்தால் குடையை எவனோ தூக்கிப் போய்விட்டான். “ஒரு குடைகூடவா கொண்டுவரத் தெரியாது?” என்று கேட்டிருக்கிறாள் எமல்டா. அவர் வாயைத் திறப்பதற்குள் விடுவிடுவென்று மழையில் இறங்கி நடந்திருக்கிறாள்.

சொல்லி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

“நீ... அன்னிக்கு... ரொம்ப நனைஞ்சிட்டியா?”

கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். காத்திருப்பதற்கு அவரை நன்றாகப் பழக்கியிருந்தார்கள். எமல்டாவிடம் பதில் இருந்தது. சின்னப் பதில்தான். அவள் விளக்கைப் போட்டாள். அவர் இன்னும் காத்திருந்தார்.

மறுநாள் செண்பகம் வந்தாள். மற்ற குரல்கள் தொடங்குவதற்குள் எமல்டாவின் குரல் முடித்துவிடுவதால், அதைக் கல்லூரியிலேயே விரிவுரையாளராக எடுத்துக்கொண்டார்கள் என்றாள். இனி கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் வீட்டுக்கு வருமாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறதா என்று எமல்டா சைகையால் கேட்டாள்.