கை நனைத்தல்

நாற்பத்தெட்டு வயதுவரை தமக்கு வயிறு என்று ஒன்று இருப்பதே ஆத்மநாதனுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு வேறெதுவும் தெரியவில்லை.

அரிமளம் கடைத்தெருவில் அவருக்கு ஜவுளிக்கடை. உண்ட கையோடு வயிறு உப்பும். புடவையை விரித்துக் காட்டும்போது ஏப்பம் வரும். வாங்க வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சூரணமும் லேகியமும் ஆஸ்பத்திரிச் சிவப்பு மருந்தும் தம்மால் இயன்றதைச் செய்து ஓய்ந்தன. சுதந்திரம் வந்து பத்தாவது ஆண்டின் மார்கழியில், புதுக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போனவர், அங்கே இயற்கை வைத்தியர் ஒருவர் பேசிய கூட்டத்தில் தற்செயலாகப் போய் நின்றார். வியாதி என்பது உடம்பில் தேங்கிய அழுக்கு. உப்பும் புளியும் மிளகாயும் அதற்கு எரு. ஒரு மண்டலம் அவற்றை நிறுத்தினால் உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்றார் வைத்தியர். ஆத்மநாதன் திரும்பி வருகையில் அவர் கையில் துணிமூட்டையும் ஓர் எனிமாக் குவளையும் இருந்தன.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரே மகள் செவந்திக்கு வயது இருபத்துமூன்று. முன்பு வந்த இரண்டு வரன்கள் ஜாதகத்தில் தட்டிப்போய்விட்டன. இப்போது இலுப்பூரில் கடலை வியாபாரம் செய்யும் குழந்தைசாமியின் மகனுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வைகாசியில் மணவறையில் அமர்ந்து மகளைத் தாரைவார்க்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது ஆத்மநாதனின் விருப்பம். அதில் தவறு காண இடமில்லை.

தைப் பொங்கல் முடிந்ததும் தொடங்கினார். காலையில் வெண்பூசணிச் சாறு. நண்பகலில் ஊறவைத்த பச்சைப்பயறும் வெள்ளரிப் பிஞ்சும். மாலையில் அருகம்புல் சாறு. இடுப்பைச் சுற்றி ஈரத்துணிப் பட்டி.

"மாட்டுக்கு வைக்கிறதயெல்லாம் நீங்க தின்னுட்டா மாடு என்னத்தங்க திங்கும்?" என்றாள் மனைவி பிச்சையம்மாள்.

"ஒனக்கு எளக்காரமாத்தான் இருக்கும். மாட்டுக்கு ஏப்பம் வந்து பாத்திருக்கியா?"

"அது கடை வச்சிருக்கா, வர்றவக மூஞ்சியப் பாத்து ஏப்பம் விட?"

ஏப்பம் நின்றுவிட்டது. அதுதான் வினை. ஒரு வாரத்துக்குள் வயிறு தட்டையாகி, உடம்பு காற்றில் மிதப்பதுபோல் ஆயிற்று. பலன் கண்ட மனிதரை நிறுத்த யாரால் முடியும்? மாசி பிறந்தபோது கன்னம் ஒட்டியது. மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. வைத்தியருக்கு எழுதிக் கேட்டார். நஞ்சு வெளியேறுகிறது, அஞ்ச வேண்டாம் என்று பதில் வந்தது. அதற்குப் பின் மெலிவு ஒவ்வொன்றும் அவருக்கு முன்னேற்றமாகவே தோன்றியது.

"என்னண்ணே, சட்டை ஒங்கள விட்டுட்டுத் தனியா நிக்குது" என்றார் எதிர்க்கடை மூக்கன். இலுப்பூர்ச் சம்பந்தத்தைப் பேசிக்கொண்டுவந்தவர் அவர்தாம்.

"உள்ள சுத்தமாகுதுப்பா."

"சுத்தமாகட்டும். காலியாயிராம பாத்துக்கங்க. வர்ற வெள்ளிக்கிழம இலுப்பூருக்குப் போகணும், கை நனைக்க."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பேச்சு முடிவாகும்வரை ஒரு வீட்டார் மற்றவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சம்மதம் என்றால், பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இலையில் உட்கார்ந்து கை நனைப்பான். அதன்பிறகு தாம்பூலம் மாற்றுவார்கள். இலையில் கை வைக்காமல் எழுந்தவன் வாயால் வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பிச்சையம்மாள் பூசணிச் சாற்றை எடுத்துவைக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாளு இந்தக் கூத்த விட்டுருங்க. அங்க வந்து உப்பில்லாம வைங்க, புளியில்லாம வைங்கன்னு கேட்டீகன்னா, கருமாதிச் சாப்பாடான்னு நெனைப்பாக."

"மண்டலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. ரெண்டு வாய் எடுத்துக்கிட்டு எந்திரிச்சுர்றேன். வழக்கத்துக்கு அது போதும்."

"சட்டையக் கழட்டாதீக. துண்ட இழுத்துப் போத்திக்கங்க" என்றாள் பிச்சையம்மாள். செவந்தி அப்பாவின் துண்டை மடித்துக் கொடுத்தாள். அவள் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் பிச்சையம்மாளோடும் மூக்கனோடும் பஸ் ஏறினார்.

இலுப்பூரில் வரவேற்புக்குக் குறைவில்லை. பந்தியில் குழந்தைசாமிக்குப் பக்கத்தில் ஆத்மநாதனுக்கு இலை போட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் சொர்ணவல்லி தாமே பரிமாறினார். எல்லாக் கண்களும் தம் வலக்கையில் இருப்பதை ஆத்மநாதன் உணர்ந்தார். சோற்றில் கை வைத்துப் பிசைந்து ஒரு கவளத்தை வாயில் போட்டார்.

"அப்ப சரி, சம்பந்தி!" என்றார் குழந்தைசாமி. அந்த உறவுப்பெயர் அதுவரை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

இரண்டு வாயோடு எழுந்திருந்தால் கதை வேறு. ஆனால் இத்தனை நாள் உப்பைக் காணாத நாக்கு, அந்தக் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்டுகொண்டது. கண்ணில் நீர் முட்டியது. மூன்றாவது கவளத்துக்குப் பின் கை அவர் சொல்லைக் கேட்கவில்லை. சாம்பார், மாங்காய்ப் பச்சடி, வடை, இலையில் ஊற்றிய பாயசம் என்று எதையும் அவர் விடவில்லை.

"நல்லாச் சாப்பிடுங்க. ஒங்க வீட்ல பஞ்சமா?" என்று சொர்ணவல்லி சிரித்தார். எதிர்வரிசையில் இருந்த பிச்சையம்மாளும் சிரித்தாள். வரன் தேடத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து ஆத்மநாதன் பார்த்ததில்லை.

தாம்பூலத் தட்டைத் தூக்கும்போது உண்டது மேலே எழும்பியது. தட்டைக் கீழே வைக்கவும் முடியவில்லை; கொடுக்கவும் முடியவில்லை. வாசல்வரைதான் போக முடிந்தது. உண்டதனைத்தும் கோலத்தின்மேல் வெளியேற, அவர் நிலைப்படியில் சரிந்து விழுந்தார்.

மயக்கம் தெளிந்தபோது யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள். காற்றுப் படட்டும் என்று நல்லெண்ணத்தோடு சட்டையைக் கழற்றியிருந்தார்கள். எண்ணிவிடத்தக்க விலா எலும்புகளும், இடுப்பைச் சுற்றிய ஈரப்பட்டியும் அத்தனை பேருக்கும் தெரிந்தன. பெண்கள் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

"என்ன சீக்கு இவருக்கு?" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆண்டிச்சாமி மூக்கனைக் கேட்டார்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று ஆத்மநாதனே எழுந்து உட்கார்ந்து பதில் சொன்னார். "ஒடம்பச் சுத்தம் பண்றேன். நானாத்தான் சோத்த நிப்பாட்டி வச்சிருக்கேன். பூசணிச் சாறு, பச்சைப்பயறு…"

உண்மையை அவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, அது பொய்யாகிக்கொண்டே போனது.

"சோறு இல்லாதவன் பட்டினி கெடப்பான்" என்றார் ஆண்டிச்சாமி. "கடையும் காசும் வச்சிருக்கவுக எதுக்குங்க கெடக்கணும்? எளைப்புச் சீக்குன்னா சீக்குன்னு சொல்லிப்புடலாம்ல? அது வமுசத்துல வர்றது. எங்களுக்கும் பேரன் பேத்தின்னு ஆச இருக்காதா?"

குழந்தைசாமி தலையைக் குனிந்துகொண்டார். தட்டு மாற்றும் சடங்கு இன்னொரு நல்ல நாளில் நடக்கலாம் என்று மட்டும் சொன்னார். வண்டி கட்டி, பஸ் நிற்குமிடம்வரை மரியாதையாக அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செவந்தி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவுக்கு வெந்நீர் வைக்கப் போனாள். வைதிருந்தால் ஆத்மநாதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுவாரமே அவர் திருச்சிக்குப் போய் மார்பைப் படம் பிடித்துக்கொண்டார். காசம் இல்லை, சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அந்தப் படத்தை மூக்கன் இலுப்பூருக்குக் கொண்டுபோனார். மாலைக்குள் அதனோடு திரும்பிவந்தார்.

"வெளிச்சத்துல வச்சுப் பாத்தாகண்ணே. எலும்பாத் தெரியுதேன்னாக. பையனுக்கு வெராலிமலப் பக்கம் பேசி முடிச்சுட்டாக."

செய்தி மூக்கனுக்கு முன்பே ஊரெங்கும் போய்விட்டது. அரிமளத்து ஜவுளிக்கடைக்காரருக்கு எளைப்பு; மகளுக்கும் இருக்கலாம். ஆடியும் ஆவணியும் கழிந்தன. வீட்டுப் படியேறி எவரும் ஜாதகம் கேட்கவில்லை.

வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது விளங்கிவிட்டதால், ஆத்மநாதன் கண்ணால் காட்டத் தீர்மானித்தார். அழைப்பு வந்த விசேஷம் எதையும் அவர் விடவில்லை. காதுகுத்து, கல்யாணம், கருமாதி எங்கும் முதல் பந்தியில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து, இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வயிறு எவ்வளவு நொந்தாலும் முகத்தில் காட்டுவதில்லை. உடம்பு மட்டும் ஏனோ பழையபடி தேறவில்லை.

ஐப்பசியில் குன்றாண்டார்கோவிலில் ஒரு கல்யாணம். கல்யாண வயதுப் பையன்கள் உள்ள குடும்பங்கள் நிறைய வந்திருந்தன. ஆத்மநாதன் நடுவரிசையில் இடம் பிடித்தார். சாம்பாருக்கு ஒருமுறை, வற்றல் குழம்புக்கு ஒருமுறை என்று சோறு வாங்கினார். ரசத்துக்கும் கேட்பதற்காக நிமிர்ந்தபோது, பின்வரிசையில் ஒருத்தி பரிமாறுபவரிடம் தணிந்த குரலில் சொல்வது காதில் விழுந்தது.

"அந்த அரிமளத்து மனுசனுக்கு நல்லா அள்ளி வைய்யி. ஆசைக்குத் தின்னுட்டுப் போகட்டும், பாவம். இன்னும் எத்தன நாளைக்கு?"

பரிமாறுபவர் வந்து, கேட்காமலே, இலை நிறையச் சோற்றைக் கவிழ்த்தார். ஆத்மநாதன் அதில் குழி செய்து ரசத்துக்காகக் காத்திருந்தார்.