வாசற்சுவரின் நேரங்கள்

சுவரை இடிக்கட்டும், அதற்குப் பிறகாவது ஒரு பின்னேரம் நான் சும்மா இருக்கலாம் என்று இராசமலர் நினைத்தாள். பண்டத்தரிப்பில் அவள் நடத்திவந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் வாசற்சுவர் கதைத்தது.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் தப்பி வந்த ஒருத்தி தன் பிள்ளையை அந்தச் சுவரோரம் விட்டு, "போட்டு வாறன்" என்று சொல்லிப் போனாள். மறுநாள் காலை, அவள் போன அதே எட்டேகாலுக்குச் சுவர் அவளுடைய குரலில் அதையே சொன்னது. யாழ்ப்பாணத்தில் எவரும் போறன் என்று சொல்வதில்லை. திரும்பி வராதவர்களும் போய்விட்டு வருவதாக, போட்டு வாறன் என்றுதான் சொல்வார்கள். பன்னிரண்டு வருடங்களில் தாய்மாரும் மாமிமாரும் ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரும் பிள்ளைகளை விட்டுப் போனதில், சுவரில் முப்பத்தொரு குரல்கள் சேர்ந்தன. ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் தன் நேரத்துக்கு வந்து, "ஓம், போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போகும். பதில் கிடைக்கும்வரை குரல் ஓயாது. வளர்ந்து இல்லத்தை விட்டுப் போனவர்களுக்காக இராசமலர் பதில் சொன்னாள். மணிக்கூடு பழுதான வருடத்தில் சோறு வடிப்பதற்கு அந்தக் குரல்கள் உதவின.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை நின்றிருந்தபோது நோர்வேயிலிருந்து மூன்று தொண்டர்கள் வந்து, ஒழுகிய கூரையையும் வெடித்த சுவர்களையும் அளந்தார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தடைசெய்யப்பட்டிருந்த சீமெந்துக்கு அனுமதி எடுக்கலாம் என்றார்கள். சுவர் கதைப்பதை அவர்களில் ஒருவரான எஞ்சினியர் ஈரக்கசிவுக்கு அடுத்த வரியில் குறித்துக்கொண்டார். அது என்ன சொல்கிறது என்று கேட்டதற்கு, மொழிபெயர்க்க வந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் சோமசேகரம் சொல்லுக்குச் சொல் எடுத்துச் சொன்னார். இரண்டு நாட்களில் வரைபடம் வந்தது. அதில் வாசற்சுவர் இல்லை. அந்த இடத்தில் ஆறு கட்டில்களுடன் ஒரு அறை இருந்தது.

"உது என்ன மாஸ்ரர்?" என்று இராசமலர் சோமசேகரத்திடம் கேட்டாள்.

"வாற தாய்மார் தங்கிறதுக்காம், பிள்ளை."

"ஆர் வாறது?"

"முப்பத்தொரு பேர் வாறன் எண்டு சொல்லியிருக்கினம், இடம் வேண்டாமோ எண்டு எஞ்சினியர் கேக்கிறார்."

"நாப்பது வருசம் இங்கிலீசு படிப்பிச்சனீங்கள். விளங்கப்படுத்தத் தெரியேல்லையோ?"

"அதுக்கு இங்கிலீசு இல்லைப் பிள்ளை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு களைப்பு. வெடித்த சுவரை வைத்துக்கொண்டு புதுக் கூரை போட முடியாது. முழுத் திட்டத்துக்கும் ஒரே கையெழுத்து. போன மாரி முழுக்கப் பிள்ளைகள் நனைந்த பாயில் கிடந்து இருமினார்கள். அவள் பேனாவை எடுத்தாள்.

மூன்று பத்துக்கு ஸ்ரெல்லா வந்தாள். மயிலிட்டியில் இருந்து இடம்பெயர்ந்தபோது இரண்டு வயதில் விடப்பட்டவள். இப்போது ஏழு வயது, தாயின் முகம் தெரியாது, எவருடனும் கதைப்பதில்லை.

"போட்டு வாறன் பிள்ளை" என்றது சுவர்.

"ஓம் அம்மா, போட்டு வாங்கோ" என்றாள் ஸ்ரெல்லா. தலையைச் சொறிந்தபடி கொய்யா மரத்தடிக்குப் போனாள். அன்றைக்கு அவள் கதைத்தது அவ்வளவுதான்.

இராசமலர் பேனாவை மூடி, வரைபடத்தை எஞ்சினியர் பக்கம் நகர்த்தினாள்.

"வேண்டாமாம் எண்டு சொல்லுங்கோ மாஸ்ரர்."

"கூரை?"

"ஒழுகட்டும். வாளி வைக்கிறன்."