பின்படிக்கட்டில் எட்டு நிமிடம்

ஹெஸ்டர் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள்.

சீப்பு, சூயிங்கம், மூன்று பேனா, குறிப்பு அட்டைகள், ஒற்றைக் கையுறை. எல்லாம் வரவேற்பு மேஜை மேல் சிதறின. பாஸ்போர்ட் மட்டும் விழவில்லை.

"நிதானமாத் தேடும்மா" என்றாள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மோரீன். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். "ஆனா பத்துக்கு மணி அடிச்சுடும். அதை யாராலயும் நிறுத்த முடியாது."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது.

"வண்டியிலயே விட்டுட்டேன். டாஷ்போர்டுல."

"போன வருஷம் ஒருத்தன் பேட்டிக்குத் தனக்குப் பதிலா அண்ணனை அனுப்பி வெச்சான். அதிலேர்ந்து இங்க ரொம்பக் கறார்." மோரீன் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு பண்றேன். நீ உள்ள போ. பதினொன்னேகாலுக்குள்ள பாஸ்போர்ட் இந்த மேஜைக்கு வந்தாகணும். வரலைன்னா உன் மார்க் தாளைக் கிழிச்சுத்தான் போடணும். என்னைத் திட்டக்கூடாது."

மருத்துவம் படிக்க வருஷத்துக்கு நான்கு கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்கலாம். போன வருஷம் நான்கும் கைவிரித்துவிட்டன. சூப்பர்மார்க்கெட் கல்லாவில் ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டு மறுபடி எழுதிப் போட்டாள். இந்த வருஷமும் மூன்று போய்விட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே அப்பா கிளைவ் எடுத்துவிட்டார். நாலு தெரு தள்ளி, வாகன நிறுத்தத்தில், வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். கிரிம்ஸ்பியில் மீன் பதப்படுத்தும் ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து, உடை மாற்றக்கூட நேரமில்லாமல், அப்படியே மகளை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டி வந்தவர்.

"என்ன கண்ணு, அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"ஆரம்பிக்கவே இல்ல. பாஸ்போர்ட் டாஷ்போர்டுல கிடக்கு. எடுத்துட்டு ஓடி வா. நாலாவது மாடி."

"இதோ. முன்னாடி லிஃப்ட் பாத்தேன், அதுல..."

"லிஃப்ட்ல வராதப்பா."

ஹெஸ்டர் சுற்றிலும் பார்த்தாள். கூடத்தில் மற்ற பெற்றோர்கள். ஒட்டகநிறக் கம்பளிக் கோட்டுகள், முத்துத் தோடுகள், மெல்லிய சென்ட் வாசனை. இவர்களுக்கு நடுவே நீல அங்கியும் முழங்கால் வரை வெள்ளை ரப்பர் பூட்ஸுமாக அப்பா வந்து நின்றால்? எந்த சோப்புக்கும் மசியாத அந்த மீன் நாற்றத்தோடு? பள்ளிக்கூட வாசலுக்கே அவரை வரவிட்டதில்லை அவள். இரண்டு தெரு தள்ளித்தான் எப்போதும் இறங்கிக்கொள்வாள்.

"கட்டடத்துக்குப் பின்னாடி ஒரு அவசரப் படிக்கட்டு இருக்கு. சிகரெட் பிடிக்கறவங்க கதவைத் திறந்தே போட்டிருப்பாங்க. அது வழியா ஏறி வா. மோரீன்னு ஒரு அம்மா இருப்பாங்க, அவங்ககிட்ட குடுத்துட்டு அப்படியே இறங்கிப் போயிடு."

மறுமுனையில் வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"நாலு மாடியா?"

"ஒரே ஒரு தடவை எனக்குப் பிரயோஜனமா இருப்பா!"

"சரிடா, சரி. கோச்சுக்காத. நாக்குக்கு அடியில நெஞ்சுவலி ஸ்ப்ரேயை அடிச்சுக்கிட்டு வந்துடறேன்." சிரித்தார். "நீ போய் அவங்களை ஒரு கை பாரு."

மோரீன் போனை வாங்கிப் பழுப்பு உறைக்குள் போட்டு ஒட்டினாள். பேட்டி முடிகிற வரைக்கும் யார் கையிலும் போன் இருக்கக்கூடாது.

மணி அடித்தது.

நீளமான தாழ்வாரம். ஏழு கதவுகள். ஒவ்வொரு கதவிலும் ஒரு கேள்வித்தாள். படிக்க ஒரு நிமிடம், உள்ளே எட்டு நிமிடம். பேச்சு பாதியில் நின்றாலும் சரி, மணி அடித்தால் எழுந்து, நன்றி சொல்லி, அடுத்த கதவுக்கு நகர்ந்துவிட வேண்டும். வியாழக்கிழமை பயிற்சி வகுப்பில் ஆறு மாதமாக இதை அவளுடைய உடம்பில் ஏற்றியிருந்தார்கள். இப்போதெல்லாம் வீட்டில் அடுப்பு மணி அடித்தால்கூட ஹெஸ்டருக்குக் கால் தானாக எழுந்துகொள்ளும்.

முதல் இரண்டு கதவுகளில் சிக்கல் இல்லை. மூன்றாவதில் ஒரு நடிகை இருந்தாள். ஊரில் நாடகம் கிடைக்காதவர்கள் ஒரு நாள் கூலிக்கு இங்கே அழ வருவார்கள். கேள்வித்தாளின்படி அவள் பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய பூனையை ஹெஸ்டர் கார் ஏற்றிக் கொன்றுவிட்டாள். அதைச் சொல்ல வேண்டும்.

"ஒரு கெட்ட சேதி சொல்லணும். உட்காரலாமா?" ஹெஸ்டர் குரலைத் தணித்தாள். "உங்க பூனை மார்மலேட் பத்தி."

நடிகையின் உதடு நடுங்கியது. "அவனுக்கு என்ன? காலையில பால் குடிச்சானே!"

"என் தப்புதான். வண்டியைப் பின்னால எடுக்கும்போது கவனிக்கல. அவன் செத்துப்போயிட்டான்."

அடுத்து வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். எண்ணினாள். நடிகை ஓவென்று அழுதாள். "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு எனக்குப் புரியுது" என்று கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தினாள் ஹெஸ்டர். மூலையில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் தலையை ஆட்டிக்கொண்டே எதையோ எழுதினார். முழு மார்க்!

வெளியே வந்ததும் தாழ்வாரக் கோடியில் மோரீனைப் பார்த்தாள். மோரீன் உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் வரவில்லை.

வேனிலிருந்து இங்கே நடக்கப் பத்து நிமிடம். ஓடி வரச் சொன்னேனே, என்ன செய்கிறார் இந்த மனிதர்?

ஐந்தாவது கதவின் முன்னால் நிற்கும்போது பார்னபி ஞாபகத்துக்கு வந்தான். பதினொன்றரை மணிக் குழுவில் அவனுக்குப் பேட்டி. அதே வியாழக்கிழமை வகுப்பு. அப்பா எலும்பு டாக்டர், அம்மா பல் டாக்டர். இரண்டு கல்லூரிகளில் ஏற்கெனவே இடம் வாங்கி வைத்திருக்கிறான். "அப்புறம் எதுக்குடா இங்கயும் வர?" என்று கேட்டதற்கு, "சும்மா, ஒரு அனுபவத்துக்கு" என்றான். வாயில் சாக்லேட்டை மென்றுகொண்டே சொன்னான்.

அந்த 'சும்மா' ஹெஸ்டரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. போன வாரம் அவன் காதில் ஒரு பொய்யை ஊதினாள். இந்தக் கல்லூரியில் யாருக்கும் சொல்லாத எட்டாவது கதவு ஒன்று உண்டு, அங்கே படிக்கும் என் அத்தை மகள் சொன்னாள், ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து தேடு என்றாள். எங்கே, எப்படி என்றெல்லாம் விவரமாக அளந்தாள். பாவி, நோட்டுப் புத்தகத்தில் ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டான். இந்நேரம் இல்லாததைத் தேடிக் கட்டடம் முழுக்க அலைந்து, வேர்த்து விறுவிறுத்து, பேட்டியில் உளறப்போகிறான்.

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்தச் சிரிப்புக்கும் மார்க் கிடைத்திருக்கும்.

ஏழாவது கதவுக்குள் வெள்ளைத் தலைப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். கேள்வி ஒன்றுதான்: ஏன் மருத்துவம்?

இதற்குத்தான் ஹெஸ்டர் துருப்புச் சீட்டை வைத்திருந்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் சமையலறைத் தரையில் அப்பா சுருண்டு விழுந்த கதை.

"எனக்கு அப்போ பதினஞ்சு வயசு, சார். வீட்டுல வேற யாரும் இல்ல. இந்த ரெண்டு கையாலதான் அவர் நெஞ்சை அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வர பதினோரு நிமிஷம். நிறுத்தவே இல்ல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

உண்மையில் நெஞ்சை அழுத்தியவர் பக்கத்து வீட்டுத் தபால்காரர். ஹெஸ்டர் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்போ அப்பா எப்படி இருக்காரும்மா?"

"ரொம்ப நல்லா இருக்கார், சார். இன்னைக்கு என்னைக் கூட்டிட்டு வந்ததே அவர்தான்."

மணி அடித்தது.

வெளியே கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. மோரீன் மேஜை மேல் பாஸ்போர்ட் இல்லை. ஹெஸ்டர் கேட்பதற்கு முன்பே மோரீன் கையை விரித்தாள். "யாரும் வரலைம்மா. ரெண்டு தடவை லிஃப்ட் பக்கமும் போய்ப் பாத்துட்டேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

ஹெஸ்டர் உறையைக் கிழித்துப் போனை எடுத்து அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி. ம்ஹூம்.

தூங்கிவிட்டார்! வேறென்ன? ராத்திரி ஷிஃப்ட் அலுப்பு. வேன் இருக்கையைச் சாய்த்துப் போட்டு, வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. மூன்றாவது தடவை பதிவுக் குரல் வந்ததும் பொரிந்து தள்ளினாள். "நீ தூங்கினதுல என் வாழ்க்கையே போச்சு. கேட்டுதா? இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத!"

"ஹெஸ்டர்!"

பார்னபி. காத்திருப்பு அறையிலிருந்து ஓடி வந்தான். கன்னம் இரண்டும் சிவந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. உளறப்போகிறவன் முகமாகத் தெரியவில்லை.

"நீ நல்லா இருப்ப, ஹெஸ்டர்! எட்டாவது கதவை முடிச்சுட்டேன்."

எரிச்சலுக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மடையன் எதை எட்டாவது கதவு என்று நினைத்துக்கொண்டான்? "அப்படியா? எங்க?"

"நீ சொன்ன அதே இடம்தான். பின்படிக்கட்டு. பத்தேகாலுக்கு ஏறினேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல உட்காந்திருந்தான்."

"யாரு?"

"யாரா? நடிகன்தான்! உடம்பு முடியாதவனா ஒரு நடிகன் உட்காந்திருப்பான், கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாங்கன்னு நீதானே சொன்ன?"

சொன்னாள்தான். யாருமே ஏறி இறங்காத இடமாகப் பார்த்துச் சொன்னாள்.

"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படி ஒரு நடிப்பு! உதட்டுக்கு நீல மேக்கப். நெத்தியில வேர்வை சொட்டுது. போன் ரெண்டு படி கீழ விழுந்து கிடந்தது, எடுத்துக் குடுன்னு கையைக் காட்டுறான். நான் மசியலையே! போனைத் தொட்டா, யாரையாவது கூப்பிட்டா, மார்க் போச்சு. பக்கத்துல உட்காந்து ஆறுதலா பேசணும், அவ்வளவுதான். உன் ரூல் நம்பர் மூணு." விரலை மடக்கிக் காட்டினான். "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு எனக்குப் புரியுதுன்னேன். அஞ்சு வரைக்கும் எண்ணினேன். உங்க மனசுல என்ன ஓடுதுன்னு சொல்ல முடியுமான்னு கேட்டேன். பாவம், அவனுக்குப் பாதி வசனம் மறந்துபோச்சு போல. வாயைத் திறந்து திறந்து மூடினான்."

ஹெஸ்டரின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்து நின்றது. "அப்புறம்?"

"அப்புறம் என்ன, மேல உங்க மணி அடிச்சுது. நன்றி சொல்லிட்டு எழுந்தேன். விட மாட்டேங்கறான்ப்பா! என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. இதுக்கும் மார்க் உண்டா?"

"பார்னபி." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அந்த ஆள்... என்ன போட்டிருந்தான்?"

"அதைக் கேளு! வேஷத்துக்கு என்னமா மெனக்கெட்டிருக்காங்க. நீல அங்கி, முழங்கால் வரைக்கும் வெள்ளை பூட்ஸ். நாத்தம்கூட ரெடி பண்ணியிருக்காங்க. சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவிட்டேன், போகவே மாட்டேங்குது. பாரு."

உள்ளங்கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

தினமும் காலை ஆறரைக்கு வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வருகிற நாற்றம் அது.

கடிகாரத்தில் பதினொன்று ஒன்பது. ஹெஸ்டர் மேஜையை இடித்துக்கொண்டு ஓடினாள். "ஏம்மா, எங்க ஓடற?" என்று மோரீன் எழுந்தாள். தாழ்வாரக் கோடியில் சிவப்பு எழுத்துப் போட்ட இரும்புக் கதவு. இரண்டு கையாலும் தள்ளினாள். குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. கீழே, இருட்டுக்குள், படிகள் இறங்கின. "அப்பா!" என்று கத்தினாள். சுவர்கள் திருப்பிக் கத்தின.

பின்னால் பார்னபி ஓடி வரும் சத்தம்.

"ஏய் ஹெஸ்டர், நீ இன்னும் அதை முடிக்கலையா? இரு, இரு, முக்கியமானதைச் சொல்ல மறந்துட்டேன்!" கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, இறங்கி ஓடுகிறவளுக்குக் கேட்கும்படி உற்சாகமாகக் கூவினான். "அவன் ஒரு பாஸ்போர்ட்டை உன் கையில திணிப்பான்! 'மேல என் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா, குடுத்துடு தம்பி'ன்னு கெஞ்சுவான்! அடுத்தவங்க அடையாளச் சான்று, வாங்கிடாத, அதுதான் பொறி! நான் அவன் சட்டைப் பையிலயே திருப்பி வெச்சுட்டேன்!"