குளத்துப் படியில் இறக்கிய பிள்ளைகள்

எல்.கே.ஜி. பிள்ளைகளை அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் விட்டுவிட்டு ஸ்டீபன் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தபோது, கே.கே. நகர் பள்ளி வாசலில் அடுத்த டிரிப்புக்கான பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். சோற்று டப்பா சீட்டுக்கடியில் திறக்காமல் கிடந்தது. இன்னொரு டிரைவர் வேலையை விட்டுப் போனதிலிருந்து மதிய டிரிப்பும் அவர் தலையில்தான்.

"ரெண்டு வாய் சாப்ட்டுக்கிறேன் சார். காலைல சுகர் ஊசி போட்டிருக்கேன்" என்றார்.

மேனேஜர் இம்மானுவேல் போனிலிருந்து நிமிரவில்லை. "பேரன்ட்ஸ் கூப்ட்டுக்கிட்டே இருக்காங்கண்ணே. விட்டுட்டு வந்து நிம்மதியா சாப்பிடுங்க."

ஸ்டீபன் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகவே பிள்ளைகளின் பெயர்கள் நழுவிக்கொண்டிருந்தன. எல்லோரையும் "தங்கம்" என்று கூப்பிட்டுச் சமாளித்து வந்தார். கதவைச் சாத்தி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, வண்டியை எடுத்தார். அவருக்கு நினைவிருப்பது அதுவரைதான்.

கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலருகே மனைவி ஜாய்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"புள்ளைக?" என்றார்.

"எல்லாம் வீடு சேந்துருச்சுங்க. ஒண்ணும் ஆகல."

பிள்ளைகளின் ஊர்களுக்கு எதிர்த்திசையில், கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் வேன் நின்றிருந்ததாம். பல வருஷங்களுக்கு முன்னால் அவர் மினி பஸ் ஓட்டிய பாதை அது. போலீஸ்காரர் மிஷினை நீட்டி ஊதச் சொன்னார், சாராயம் இல்லை என்று வந்தது. அதற்குள் யாரோ எடுத்த வீடியோ பெற்றோர்களின் வாட்ஸப்பில் சுற்றியது. குழறிய பேச்சும் தள்ளாட்டமுமாக ஒரு டிரைவர். கீழே 'போதையில் பள்ளி வேன்' என்று எழுதியிருந்தார்கள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். சாம்பல் நிறத்துக்குள் சுண்ணாம்பு தெறித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

"மூளைக்கு எதையும் சேத்து வச்சுக்கத் தெரியாது. ரத்தத்துல வர்ற சர்க்கரைதான் அதுக்குச் சோறு. ஊசியப் போட்டுட்டு நீங்க சாப்பிடல, மூளை பட்டினி கிடந்துருச்சு. அது அன்னிக்கு நடந்தது. இந்தப் புள்ளியெல்லாம் பல வருசச் சர்க்கரையில சின்னச் சின்னக் குழாய் அடைச்சுப் போனது. மறதி அதனாலதான்."

"இது போயிருமா டாக்டர்?" ஜாய்ஸ் கேட்டாள்.

"இதுக்கு மேல கூடாமப் பாத்துக்கலாம்மா."

ஜாய்ஸ் கொண்டுபோன டாக்டர் சீட்டைப் பள்ளியில் இம்மானுவேல் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "குடிச்சாருன்னு நாங்க சொல்லலக்கா. பேரன்ட்ஸ் அப்பிடித்தான் நெனைக்கிறாங்க. நாங்க என்ன பண்ண முடியும்?"

"அவரு சாப்பிடணும்னு ஒங்ககிட்டதான கேட்டாரு?"

"எனக்கு ஞாபகம் இல்லக்கா" என்றான்.

வேலை போனதைவிட, காணாமல் போன அந்த நேரம்தான் ஸ்டீபனைத் தின்றது. சாப்பிடும்போது கையை நிறுத்திவிட்டு, "நான் யாரையும் அடிச்சேனா ஜாய்ஸ்?" என்பார். "வண்டி எங்கயும் இடிச்சுதா?" என்பார். அவளுக்கும் தெரியாது. கண்ணை மூடினால் வேன் ஓடியது. ஸ்டீயரிங்கில் இருந்தது அவர் கை. ஓட்டுகிறவனின் முகம் மட்டும் திரும்பவே இல்லை.

ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டபின் ஜாய்ஸ் ரேஷன் கடைக்குப் போன சமயம் பார்த்து, சாப்பிடாமலே கீழக்குயில்குடி பஸ்ஸில் ஏறினார்.

மலையடிவாரக் குளக்கரையில் பூக்கட்டிக்கொண்டிருந்த முத்துமீனா அவரைப் பார்த்ததும் நாரைக் கீழே போட்டாள். "வேன்காரரு தானய்யா நீங்க?"

"ஆமாம்மா. அன்னிக்கு நான் என்ன பண்ணேன்?"

"தெரியாதாய்யா ஒங்களுக்கு?"

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

அவள் எழுந்து குளத்துப் படியைக் காட்டினாள். "இந்தா, இங்கதான் நிப்பாட்டுனீக. கதவத் தெறந்து ஒவ்வொரு புள்ளையாத் தூக்கி இந்தப் படியில விட்டீக. பையை மாட்டிவிட்டு, 'வீடு வந்துருச்சு தங்கம், போ, அம்மா நிக்கிது பாரு'ன்னு தண்ணியப் பாத்துக் கை காட்டுனீக. சிரிச்ச மொகமாத்தான் இருந்தீக."

ஸ்டீபன் தண்ணீரைப் பார்த்தார். தாமரை இலைகளுக்கு நடுவே நீர் கறுத்துக் கிடந்தது.

"போச்சுகளா?"

"ஒரு பொம்பளப்புள்ள ரெண்டு படி எறங்கிருச்சு. டிரைவர் மாமா சொன்னாருன்னுச்சு. நான் ஓடிப்போயிப் பிடிச்சேன்."

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முத்துமீனா கொண்டுவந்து கொடுத்த டீ, குடிக்காமலே கையில் ஆறியது. வெயில் தாழ்ந்ததும் அவளே அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

கம்பியைப் பிடித்து நின்றார். கண்டக்டர் வந்தார். "எங்கய்யா?"

வாய் திறந்தார். பெயர் வரவில்லை. தினமும் போய்வந்த இடம். "அது... பஸ்ஸெல்லாம் நிக்கும்ல... பெரிய..." நாக்கு தடித்தது. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து சட்டைக் காலர் நனைந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் தன் குழந்தையை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் இருட்டல, அதுக்குள்ள ஏத்திட்டு வந்துட்டான்" என்றார் கண்டக்டர், பொதுவாக எல்லோரையும் பார்த்து. யாரோ சிரித்தார்கள். விசில் ஒலித்தது.

வயல்களுக்கு நடுவே, நிறுத்தமே இல்லாத ஓரிடத்தில் பஸ் நின்றது. ஒரு கை அவர் முதுகில் பட்டு வெளியே தள்ளியது. தரையில் கால் ஊன்றியதும் ஸ்டீபன் திரும்பி, பஸ்ஸின் கதவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார், அடுத்த பிள்ளையைத் தூக்கி இறக்க.